28 வயசுல எம்.பி.பி.எஸ். சேரலாமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துல இருந்து இன்பாக்ஸ்ல அடிக்கடி வர்ற கேள்வி. நூற்பாலை வேலை, லேப் டெக்னீசியன், பி.எஸ்சி. முடிச்சுட்டு சும்மா இருக்கறவங்கன்னு பல பேர். கூடவே "ப்ளஸ் டூவுல மார்க் கம்மி சார்"னு ஒரு வரி. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுத்துக்கோங்க.

அந்த மார்க்கை முதல்ல மறந்துடுங்க. 2007-ல இருந்து 2016 வரைக்கும் தமிழ்நாட்டுல ப்ளஸ் டூ மார்க்தான் எல்லாத்தையும் முடிவு பண்ணுச்சு. இப்ப இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களோட ப்ளஸ் டூ பாஸ் பண்ணியிருந்தா நீட் எழுதலாம். நீட்டை நான் ஆதரிக்கிற ஆள் இல்ல. கோச்சிங் காசு இல்லாதவனை அது எப்படி வடிகட்டுதுன்னு தெரியும். ஆனா பழைய மார்க்கை அது கேக்கறதில்ல, அதை மட்டும் ஒத்துக்கணும்.

வயசு? 2018-ல 25, இடஒதுக்கீட்டுக்கு 30-னு வரம்பு வெச்சாங்க. 2022 மார்ச்சில் அதை எடுத்தாச்சு. பள்ளியில உயிரியல் எடுக்காதவங்க பிறகு கூடுதல் பாடமா எழுதி பாஸ் பண்ணாலும் போதும்னு 2023 நவம்பர்ல தேசிய மருத்துவ ஆணையம் சொல்லிடுச்சு.

"சின்னப் பிள்ளைங்க சீட்டை ஏன் பறிக்கணும்?"னு ஒரு கூட்டம் கிளம்பும். 2020-ல ஒடிசாவுல ஜெய் கிஷோர் பிரதான்னு ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் 64 வயசுல புர்லா மருத்துவக் கல்லூரியில சேர்ந்தப்பவும் இதையே கேட்டாங்க. 2022 ஜனவரியில 7.5% கலந்தாய்வுக்கு வந்த தர்மபுரி மாவட்ட ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு வயசு 61. இளையவருக்குப் போகட்டும்னு இடத்தை விட்டுக்கொடுத்தார்னு செய்தி வந்துச்சு. பெரிய மனசு. ஆனா அதைக் காட்டி 28 வயசுக்காரனை வெளியே நிறுத்தறது அபத்தம். 34-ல ஹவுஸ் சர்ஜன் முடிச்சா 60 வரைக்கும் 26 வருஷம் வேலை பார்ப்பான். அதுவும் சொந்த ஊர்ப் பக்கமே இருப்பான்னு எனக்கு ஒரு நம்பிக்கை.

உண்மையான அடி விழறது உள்ள போனபிறகு, முதல் வருஷத்துல. அனாட்டமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி. பத்து வருஷம் புத்தகம் தொடாதவங்க, தமிழ் மீடியம் வேற. பக்கத்து பெஞ்சுல 18 வயசுப் பசங்க பக்கம் பக்கமா ஒப்பிப்பாங்க. ஃபெயில் ஆனா சப்ளி, அதுலயும் போனா ஜூனியர் பேட்ச்சோட உட்காரணும். "இதுக்குத்தான் வேலையை விட்டியா?"ன்னு வீட்டுல கேக்கறது அப்பதான்.

பதறாதீங்க. முதல் வருஷத்துக்கு நாலு வாய்ப்பு, மொத்தப் படிப்புக்கு ஒன்பது வருஷம் தர்றாங்க. பெரும்பாலும் பாடம் புரியாம யாரும் விழறதில்ல. தெரிஞ்சதை வைவாவுல இங்கிலீஷ்ல வாய்விட்டுச் சொல்ல வராமத்தான் விழறாங்க. தினமும் ஒரு எலும்பைக் கையில வெச்சுக்கிட்டு ரூம்மேட்கிட்ட சத்தமா சொல்லுங்க. தப்பு இங்கிலீஷா இருந்தாலும் பரவாயில்ல.

வார்டுக்கு வந்துட்டா நிலைமை மாறும். பஞ்சுத் தூசியால வர்ற பிஸினோசிஸ்ல, லீவு முடிஞ்சு வேலைக்குத் திரும்புற முதல் நாள்தான் நெஞ்சு இறுக்கம் அதிகம்னு புத்தகம் சொல்லும். மில்லுல ஷிஃப்ட் பார்த்தவனுக்கு அது பக்கத்து மெஷின்காரரோட திங்கட்கிழமை.

என்னை உறுத்தறது காசுதான். மானாவாரிக் காட்டை நம்பி இருக்கற வீட்டுல மாசா மாசம் வர்ற ஒரே பணம் அந்த மில் சம்பளம். நாலரை வருஷம் அது நிக்கும், ஹவுஸ் சர்ஜன் வருஷத்துலதான் உதவித்தொகை. கட்ஆஃப் கணக்குக்கு முன்னாடி இந்தக் கணக்கை வீட்டுல எல்லாரும் உட்கார்ந்து போடுங்க. தங்கச்சி கல்யாணத்துக்கு வெச்ச நகையில கை வெச்சுத்தான் கோச்சிங் போகணும்னா, வேண்டாம்னுதான் சொல்வேன்.

6-ல இருந்து 12 வரை அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு 7.5% உள்ஒதுக்கீடு உண்டு, அதுல சேர்ந்தா கல்விக் கட்டணத்தை அரசே கட்டும். படிச்ச பள்ளிக்கூடம் ரெண்டு மூணா இருந்தா ஒவ்வொண்ணுலயும் சான்றிதழ் வாங்கணும். கலந்தாய்வு நேரத்துல அலையாம இப்பவே போய் வாங்கி வெச்சுக்கோங்க.