செங்கோல் யார் கையில்?

கும்பகோணத்தில் மயிலாடுதுறை பஸ் ஏறினால் திருபுவனம், திருவிடைமருதூர், ஆடுதுறை எல்லாம் தாண்டி நரசிங்கம்பேட்டை வரும். நாதஸ்வரம் செய்வதற்குப் பேர்போன ஊர். அதையொட்டித்தான் திருவாவடுதுறை. 1947-ல் டெல்லிக்குப் போன செங்கோலை அனுப்பியது இந்த ஊர் ஆதீனம்தான்.

வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசி, உச்சியில் நந்தி வைத்தது. சென்னை உம்மிடி பங்காரு செட்டி கடையில் தயாரானது. ஆகஸ்ட் 14 இரவு ஆதீனத்துத் தம்பிரான் அதை நேருவிடம் கொடுத்தார். ஆதீன வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரமும் டெல்லியில் ஒலித்தது.

பத்தே நாளில், ஆகஸ்ட் 24 'திராவிட நாடு' இதழில் அண்ணா இதைப் பற்றி எழுதினார். இதை வெறும் பரிசாக நினைத்துவிடக் கூடாது என்று எச்சரித்தார்.

செங்கோல் அரசனுக்கு உரியது. மக்களாட்சியில் அதை யார் பிடிப்பது? நியாயமான கேள்விதான். அன்றைக்கு நள்ளிரவில் சுதந்திரம் வந்தும், 1950 ஜனவரி 26 வரை ஏட்டளவில் இந்தியாவுக்கு மன்னர் ஆறாம் ஜார்ஜ்தான்!

1787-ல் அமெரிக்கர்களுக்கும் இதே கவலை. ஒருவர் கையில் அதிகாரத்தைக் கொடுத்தால் அவரே ராஜாவாகிவிட மாட்டாரா? கடைசியில் ஒரே ஜனாதிபதி, நான்கு வருடப் பதவி, தப்பு செய்தால் பதவி நீக்கம் என்று முடிவு செய்தார்கள்.

நம்மவர்கள் வேறு வழி பிடித்தார்கள். நிர்வாக அதிகாரம் குடியரசுத் தலைவர் பெயரில் இருக்கும், நடத்துவது அமைச்சரவை. அந்த அமைச்சரவை மக்களவைக்குப் பதில் சொல்ல வேண்டும். தலைவர் நாட்டின் அடையாளம், ஆள்பவர் அல்ல என்று 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் விளக்கினார். ஆனாலும், அமைச்சரவை சொல்வதைத் தலைவர் கேட்டே ஆக வேண்டுமா என்ற சந்தேகம் ராஜேந்திர பிரசாத்துக்கே இருந்தது. 'கேட்டே ஆக வேண்டும்' என்று 1976-ல் சட்டத்திலேயே எழுதினார்கள். ஒரு தடவை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம் என்று 1978-ல் சேர்த்தார்கள்.

வள்ளுவர் 'செங்கோன்மை'க்கு அடுத்த அதிகாரமாகவே 'கொடுங்கோன்மை'யை வைத்தார். கோல் வளைந்தால் மன்னராட்சியில் குடிமக்களுக்குப் போக்கிடம் இல்லை. இன்று சபையில் கேள்வி கேட்கலாம், தேர்தலில் மாற்றலாம்.

அலகாபாத் மியூசியத்தில் பல காலம் இருந்த அந்தச் செங்கோல், 2023 மே 28 முதல் மக்களவையில், சபாநாயகர் இருக்கை அருகே நிற்கிறது. அதே அவைக்குக் கும்பகோணமும் திருவாவடுதுறையும் ஓட்டுப் போட்டு ஓர் உறுப்பினரை அனுப்புகின்றன. இரண்டும் மயிலாடுதுறைத் தொகுதிதான். செங்கோல் ஒரு தடவை போனதோடு சரி. உறுப்பினர் மட்டும் ஒவ்வொரு தேர்தலுக்கும் நம்மிடம் திரும்பி வந்தாக வேண்டும்.