நம் முகக்கவசம் யார் கையில்?

2021 ஜூனில் ரேஷன் கடைகளில் கூட்டம். அந்த மாதம் 15 முதல் கொரோனா நிவாரணத்தின் இரண்டாம் தவணையாக ரூ.2,000-மும் 14 வகை மளிகைப் பொருள்களும் கொடுத்தார்கள். டோக்கன் தந்து, நேரம் குறித்து, தரையில் வட்டம் போட்டுத்தான் வரச் சொன்னார்கள். ஆனாலும் கடை திறந்ததும் வட்டம் கலைந்துவிட்டது. முகக்கவசம் பலருக்கு மோவாயில் தொங்கியது. எடுத்துச் சொன்னால் வந்த பதில் ஒன்றுதான்: "எனக்கு வந்தா நான் பாத்துக்குறேன், உனக்கென்ன?"

கேட்பதற்கு வீரமான பேச்சு. ஆனால், அந்தப் பெருந்தொற்றில் இதைவிடப் பொய்யான பேச்சு வேறில்லை. குடிப்பவர் ஈரல் கெட்டால் நோய் அவர் உடம்போடு நிற்கும். கொரோனா அப்படி நிற்பதில்லை. காய்ச்சல், இருமல் எதுவும் தெரியாதவரிடமிருந்தும் அது அடுத்தவருக்குப் போகும். "எனக்கு வந்தால்" என்று சொல்பவர், தனக்கு வந்ததே தெரியாமல் வீட்டிலிருக்கும் ஆயாவுக்கும், பக்கத்து வீட்டுச் சர்க்கரை நோயாளிக்கும் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். 2021 மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அத்தனை பேருக்கும் அது இன்னொருவரிடமிருந்துதான் வந்தது.

ஆகவே தனிமனிதப் பொறுப்பு தேவையா என்பதில் நமக்கு ஐயமில்லை. தேவைதான். ஒருவர் பொறுப்பில்லாமல் நடந்தால் அதன் சுமை யார் தலையில் விழுகிறது, அந்தப் பொறுப்பை நிறைவேற்ற யாருக்கு எவ்வளவு வசதி இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதே இந்தப் பகுதியின் கருத்து.

முதல் கேள்விக்குப் பதில் நம் வீட்டுக் குப்பைக்கூடையில் இருக்கிறது. கழற்றிய முகக்கவசத்தை என்ன செய்கிறோம்? காய்கறித் தோலோடும் பழைய சோற்றோடும் சேர்த்துக் கட்டிப் போடுகிறோம். சிலர் தெருவிலேயே எறிகிறார்கள். மறுநாள் காலை அதைக் கையால் எடுத்துத் தரம் பிரிப்பவர் நகரத்தில் தூய்மைப் பணியாளர். கிராமத்தில் தூய்மைக் காவலர். தமிழ்நாட்டில் இந்த வேலையில் இருப்போரில் பெரும்பாலோர் தலித்துகள். அதிலும் அருந்ததியர் மிகுதி. மற்ற வேலைகளுக்கு ஆள் எடுக்கும்போது படிப்பைக் கேட்கிறார்கள். இந்த வேலைக்கு மட்டும் தெருவைப் பார்த்தே ஆள் தேடுகிறார்கள்.

குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் கடமை குப்பை போடுபவருக்கே உண்டு என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-லேயே சொல்லிவிட்டன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொரோனாவுக்கென்றே வழிமுறை தந்தது. வீட்டில் பயன்படுத்திய முகக்கவசத்தையும் கையுறையையும் காகிதப் பையில் போட்டு, குறைந்தது 72 மணி நேரம் தனியாக வைத்திருந்து, மறுபடி யாரும் எடுத்து அணியாதபடி வெட்டி, அதன் பிறகே மக்காத குப்பையோடு தர வேண்டும் என்றது அது. தொற்றாளர் இருக்கும் வீட்டில் அவருடைய கழிவை மஞ்சள் பையில் தனியே கட்டித் தர வேண்டும் என்றும் சொன்னது. ஒரு பழைய செய்தித்தாள், ஒரு கத்தரிக்கோல், மூன்று நாள் பொறுமை. இதற்கு மேல் செலவில்லை. இதையும் செய்யாமல், அவர்களை "முன்களப் பணியாளர்" என்று அழைத்துக் கைதட்டுவதில் என்ன மரியாதை இருக்கிறது?

இரண்டாவது கேள்வி வசதியைப் பற்றியது. "வீட்டிலேயே இருங்கள், தனி அறையில் இருங்கள், அடிக்கடி கை கழுவுங்கள்" என்றது அறிவிப்பு. காலனி வீட்டில் இருப்பதே ஓர் அறை. அதில் ஐந்து பேர். கை கழுவும் தண்ணீர் தெருக்குழாயில் வர வேண்டும். அது வரும் நேரத்தில் அத்தனை குடங்களும் அங்கேதான் நிற்கும். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய அடுப்பு எரியாது. இப்படி வாழ்பவரிடம் போய் "உனக்குப் பொறுப்பில்லை" என்று சொல்வது எளிது. அந்த ஓர் அறை அவர் தேர்ந்தெடுத்ததா என்று கேட்பதுதான் கடினம்.

சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். தொற்றின் தொடக்கத்தில் "சமூக விலகல்", "சமூக இடைவெளி" என்றுதான் எங்கும் ஒலித்தது. 2020 மார்ச்சிலேயே உலக சுகாதார நிறுவனம், தேவைப்படுவது உடல் அளவிலான இடைவெளி மட்டுமே, மனிதர்கள் சமூகமாக ஒன்றியே இருக்க வேண்டும் என்று விளக்கம் தந்தது. நமக்கு அந்த விளக்கம் உடனே புரிந்தது. ஏனென்றால் சமூக விலகல் என்றால் என்னவென்று நாம் தலைமுறை தலைமுறையாக அறிவோம். நோய்க்கான இடைவெளி இரண்டு வாரத்தில் முடியும், குணமானவரைக் கட்டியணைக்கலாம். சாதிக்கான இடைவெளிக்கு முடிவு தேதி கிடையாது. அரசியலமைப்பின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தபிறகும் அது ஊருக்கும் சேரிக்கும் நடுவே கிடக்கிறது. எனவே, கொரோனாவைக் காரணம் காட்டிக் காலனிப் பாதையில் முள் போட்டு அடைப்பதும், "அந்தத் தெருவிலிருந்துதான் வந்தது" என்று பேசுவதும் சுகாதாரம் ஆகாது. பழைய வழக்கம் புது முகக்கவசம் போட்டுக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒரு நியாயம் தெளிவாகிறது. யாருக்கு வசதி அதிகமோ அவருக்குப் பொறுப்பும் அதிகம். நடவுக்கும் களையெடுப்புக்கும் ஒரே சரக்கு வண்டியில் இருபது பெண்களை நெருக்கி ஏற்றிச் செல்பவர், இரண்டு நடையாக ஓட்ட வேண்டும். காய்ச்சல் என்று சொல்லும் கூலியாளை "வராவிட்டால் வேறு ஆள் பார்க்கிறேன்" என்று மிரட்டும் முதலாளி, நோயைத் தன் களத்துக்கே வரவழைக்கிறார். ஊராட்சி நிர்வாகம், ஓர் அறை வீட்டுத் தொற்றாளர்கள் தங்குவதற்குப் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தையோ சமுதாயக் கூடத்தையோ திறந்துவிட்டிருக்க வேண்டும். அங்கே ஊர்த்தெருவுக்கு ஒரு கதவு, காலனிக்கு ஒரு கதவு என்று இருக்கக் கூடாது. தூய்மைக் காவலருக்குக் கையுறையும் முகக்கவசமும் ஒரு முறை படம் எடுக்கக் கொடுத்தால் போதாது. கிழியக் கிழியக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் மற்றவர்களுக்குச் சொன்னோம். நம் பங்கு என்ன? வசதி இல்லை என்பது உண்மை. அதனால் நமக்குப் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாது. நோய் வந்தால் முதலில் படுக்கை கிடைக்காமல் தவிப்பது நாம்தான் என்பதால், நமக்கு அது இன்னும் அவசரம்.

தடுப்பூசியை எடுத்துக்கொள்வோம். நடிகர் விவேக் 2021 ஏப்ரலில் ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் மாரடைப்பால் மயங்கி விழுந்து, ஏப்ரல் 17 அன்று காலமானார். மாரடைப்புக்குக் காரணம் இதய ரத்தக்குழாயில் இருந்த அடைப்பு, ஊசி அல்ல என்று மருத்துவர்கள் அப்போதே சொன்னார்கள். ஆனால் வாட்ஸ்அப் செய்தி அவர்களை முந்திக்கொண்டு கிராமத்துக்கு வந்துவிட்டது. "நம்மள வச்சுச் சோதிச்சுப் பாக்குறாங்க" என்ற பயமும் சிலரிடம் இருந்தது. நம் மக்கள் ஏமாற்றப்பட்ட வரலாறு நீண்டது. அதனால் அந்தச் சந்தேகத்தைக் கேலி செய்ய மாட்டோம். உண்மையை மட்டும் சொல்வோம். 2021 ஜனவரி 16 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் முதல் ஊசி போட்டுக்கொண்டவர் ஒரு தூய்மைப் பணியாளர். அதே நாளில் அதே இடத்தில் அந்த மருத்துவமனையின் இயக்குநரும் போட்டுக்கொண்டார். ஊசி போட்ட பிறகு ஓரிரு நாள் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம், போய்விடும். கோவிஷீல்டு போட்டவர்கள் 84 நாள் கழித்தும், கோவாக்சின் போட்டவர்கள் 28 நாள் கழித்தும் இரண்டாவது ஊசியை மறக்காமல் போட வேண்டும் என்பது 2021-ல் இருந்த விதி. 2021 ஜூன் 21 முதல் 18 வயது முடிந்த எல்லோருக்கும் தடுப்பூசியை இலவசமாகத் தருவதாக ஒன்றிய அரசு அறிவித்தது.

அடுத்தது காய்ச்சலை மறைப்பது. தெருவைத் தகரம் வைத்து அடைத்துவிடுவார்கள், அவமானம் என்று பயந்து கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் கிடந்தார்கள். மூச்சு வாங்கும்போதுதான் வண்டியைத் தேடினார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை இலவசமாக இருந்தது. ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினால் 108-ஐ அழைக்க வேண்டும். ஆலோசனைக்கு 104 இருக்கிறது. சாவு வீட்டில் இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று 2021-ல் இருந்த விதியையும் நாம் மதிக்க வேண்டியிருந்தது. பறையடிப்பவரும் குழி வெட்டுபவரும் நம் உறவுக்காரர்கள்தானே?

இதில் மாணவர்களுக்குத் தனி வேலை இருக்கிறது. கையில் போன் இருக்கிறது. தெருவில் எத்தனை பெரியவர்கள் இன்னும் ஊசி போடவில்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர்களுக்குப் பதிவு செய்து கொடுங்கள், முகாம் நாளில் கூட்டிப் போங்கள். வதந்தி வந்தால் அனுப்பிவிடாமல், கிராம செவிலியரிடம் கேட்டுவிட்டு வந்து தெருவில் சொல்லுங்கள். தாத்தா பாட்டி டாக்டரை நம்பாமல் இருக்கலாம். பேரன் பேத்தியை நம்புவார்கள்.

1897-ல் புணேயைப் பிளேக் நோய் சூறையாடியது. அந்த ஆண்டுதான் ஆங்கிலேய அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதிகாரிகள் வீடு புகுந்து நோயாளிகளைத் தேடினார்கள். மக்கள் பயந்து ஓடி ஒளிந்தார்கள். அப்போது சாவித்ரிபாய் புலே, தன் மகன் யஷ்வந்த் நகருக்கு வெளியே நடத்திய சிகிச்சை இடத்துக்கு நோயாளிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். முந்த்வா கிராமத்து மகர் சேரியில் நோயில் கிடந்த ஒரு சிறுவனைத் தானே சுமந்து சென்றார். அந்த நோய் அவரையும் தொற்றியது. மார்ச் 10 அன்று 66 வயதில் இறந்தார். தொட மறுத்த ஊரில், தொட்டுத் தூக்கியவர் அவர்.

நம்மிடம் யாரும் அவ்வளவு பெரிய தியாகத்தைக் கேட்கவில்லை. முகக்கவசத்தை மூக்குக்கு மேலே ஏற்றுங்கள், வரிசையில் ஒரு வட்டம் தள்ளி நில்லுங்கள், ஊசி போட்டுக்கொள்ளுங்கள், கழற்றிய கவசத்தை மூன்று நாள் காகிதத்தில் கட்டி வையுங்கள் என்றுதான் கேட்டார்கள். நாளைக் காலை நம் வாசலுக்கு வந்து குப்பையை வாங்கும் அந்த அக்காவுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.