வளைகாப்புக்கு முன்னும் பின்னும்

தலைப்பிள்ளையைச் சுமக்கும் பெண்ணுக்கு நாம் செய்யும் சிறப்புகளுக்குக் குறைவில்லை. ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ நல்ல நாள் பார்த்து, சுற்றத்தார் கூடி, கன்னத்தில் சந்தனம் பூசி, இரு கைகளிலும் கண்ணாடி வளையல் அடுக்கி, கலந்த சாதம் ஊட்டித் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் சம்பிரதாயத்தில் பொதிந்துள்ள பரிவை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் அத்துடன் நம் கடமை தீர்ந்ததென்று நினைத்துவிடுகிறோம். சரீரத்துக்கு வேண்டிய ஆயத்தத்துக்கு ஏழாம் மாதம் மிகவும் பிந்திய காலம். மனத்துக்கு வேண்டிய ஆயத்தமோ அந்தச் சபையில் பேச்சாகக்கூட எழுவதில்லை.

சிசுவின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மூலமான நரம்புக்குழல், கரு உண்டான நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொண்டுவிடுகிறது. அதாவது, நாள் தள்ளிப்போயிருப்பதை மாமியாரிடம் சொல்லலாமா, இன்னும் சில தினங்கள் பொறுக்கலாமா என்று அப்பெண் தயங்கிக்கொண்டிருக்கும்போதே அந்தக் காரியம் முடிந்துவிடுகிறது. அக்குழல் செவ்வனே மூடுவதற்குத் துணைபுரியும் ஃபோலிக் அமிலத்தை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் வீதம், கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தொடங்கி முதல் மூன்று மாதம் வரை உட்கொள்ளும்படி வைத்திய சாஸ்திரம் சொல்வதன் காரணம் இதுவே. இரத்தசோகையின் கதையும் இத்தகையதே. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதத்தினர் சோகை உடையவர்கள். அரசாங்கம் இனாமாக வழங்கும் இரும்புச்சத்து மாத்திரையோ, குழந்தை கறுத்துப் பிறக்கும் என்ற வீண் பயத்தால் சில வீடுகளில் அட்டை பிரிக்கப்படாமலே அலமாரியில் கிடக்கிறது. வேறு சில வீடுகளில் காலைக் காப்பியோடு விழுங்கப்பட்டு, அந்தக் காப்பியாலேயே பெரும்பகுதி உடலில் சேராமல் வீணாகிறது.

இனி மனத்தின் விஷயம். பிரசவத்தைப் பற்றி நம் பெண்கள் அறிந்திருப்பதெல்லாம், சினிமாவில் கேட்ட அலறலும், அண்டை வீட்டார் கண்ணை அகல விரித்துச் சொன்ன கதைகளுமே. அச்சம் தசைகளை இறுகச் செய்கிறது, அவ்விறுக்கம் வலியை வளர்க்கிறது, வளர்ந்த வலி மீண்டும் அச்சத்தைப் பெருக்குகிறது என்று ஆங்கிலேய மருத்துவர் கிரான்ட்லி டிக்-ரீட் 1933-லேயே எழுதினார். அவருடைய கொள்கை முழுவதையும் ஏற்காதவர்கூட, அறியாமையால் விளையும் அச்சம் அறிவினால் குறையும் என்பதை மறுக்கமாட்டார். பொய்வலி ஓய்வெடுத்தால் அடங்கும், மெய்வலி நேரம் செல்லச் செல்ல நெருங்கி வரும். ஒரு வலிக்கும் அடுத்ததற்கும் நடுவே இளைப்பாற அவகாசம் உண்டு. முதற்பிரசவம் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் நீளலாம். பனிக்குடம் உடைந்தால் வலி வரும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்: இவ்வளவையும் முன்கூட்டியே எடுத்துச் சொல்ல அரைமணி நேரம் போதும். வலியின்போது தனக்கு வேண்டிய ஒருவரை உடன் வைத்துக்கொள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் இடமளிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வற்புறுத்தியிருந்தும், துணைக்கு வந்தவரைப் பிரசவ அறை வாசலிலேயே நிறுத்திவிடும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை.

இந்த ஆயத்தம் அவளுக்கு ஒரு பரீட்சையாக மாறிவிடாதபடி ஜாக்கிரதையாக இருப்பதும் அவசியம். மூச்சுப் பயிற்சியும் நடையும் உடலுக்கு நன்மை தருவனவே; ஆனால் அவை சுகப்பிரசவத்துக்கு உத்தரவாதம் அல்ல. முன்சொன்ன ஆய்வின்படி இம்மாநிலத்தில் 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவை சிகிச்சையால் நடந்தன. அத்தொகை மிகையென்றால் அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் மருத்துவர்களும் ஆஸ்பத்திரிகளுமேயன்றி, வயிற்றில் தையலோடு படுத்திருக்கும் தாய் அல்லள். அவள் எதையோ செய்யத் தவறியவள்போல் பார்க்க வருவோர் அனுதாபம் காட்டுவது அநியாயம்.

இதற்கெனப் புதிய திட்டமொன்று வேண்டுமென்று கருதவில்லை. அங்கன்வாடிகளின் மூலம் அரசாங்கமே சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. அங்கே வளையல் பூட்டிய பிறகு, கணவரையும் மாமியாரையும் அருகிலேயே உட்காரவைத்துக் கிராம சுகாதாரச் செவிலியர் மேற்சொன்ன விஷயங்களை விளக்கட்டும். புதுமணத் தம்பதியரிடம் ஃபோலிக் அமிலத்தைப் பற்றி அவரே முன்னதாக எடுத்துரைக்கட்டும். குறித்த நாளுக்கு முன் ஒருமுறை பிரசவ அறையைக் கர்ப்பிணிக்குக் காட்டுவதை ஆஸ்பத்திரிகள் வழக்கமாக்கட்டும். செலவு சொற்பமே, பெண்ணுக்கு நேரவிருப்பதைப் பெண்ணிடமே சொல்லக் கூசும் நம் பழக்கத்தை விடுவதுதான் கடினம்.