மெஷின் கத்தவில்லை என்றால் திருட்டா?

கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் கோபமான பதிவும்கூட. டீச்சர் என்று கூப்பிடுபவர்களும் அத்தை, பெரியம்மா என்று கூப்பிடுபவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

மெட்டல் டிடெக்டர் இப்போது மிக்ஸி மாதிரி ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கட்டும், தப்பில்லை. அதை வைத்துக்கொண்டு ஒருவர் மேல் திருட்டுப் பழி போடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. எங்கள் சொந்தத்தில் ஒரு வீட்டில், நிலக்கடலை பிடுங்கும்போது மருமகளின் மெல்லிய தங்கச் சங்கிலி கொல்லையில் விழுந்துவிட்டது. நாலு நாளில் மெஷின் வந்தது. டப்பாவைப் பிரித்து, பேட்டரி போட்டு, சென்சிட்டிவிட்டியைக் கடைசிவரை ஏற்றி, ஒரு மணி நேரம் நடந்தார்கள். கிடைக்கவில்லை. "மெஷினே இல்லைன்னு சொல்லிடுச்சு, அப்போ யாரோ எடுத்துட்டாங்க" என்று தீர்ப்பு. அந்த யாரோ யார்? கூலிக்கு வந்தவர்களில் கேட்க நாதியில்லாத ஒருத்தி. அன்றிலிருந்து அந்த அம்மாவை எவரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை.

மெஷின் இல்லை என்று சொல்லவே இல்லை. அது சும்மா இருந்தது, அவ்வளவுதான்.

"ஃபுல்லா வெச்சுதானே தேடினோம்" என்கிறார்கள். அதுதான் முதல் கோளாறு. ஸ்டேஷன் பிடிக்காத ரேடியோவில் சத்தத்தைக் கூட்டினால் பாட்டா கேட்கும்? இரைச்சல்தான் கூடும். பக்கத்தில் மின்கம்பி போகிறது, பம்புசெட் மோட்டார் ஓடுகிறது, தேடுபவர் சட்டைப்பையில் செல்போன். எல்லாவற்றுக்கும் மெஷின் கத்தும். பத்து நிமிஷத்தில் காது மரத்துப்போய், நிஜமான சத்தம் வந்தாலும் "இது சும்மா" என்று தாண்டிவிடுவோம். காயிலை அசைக்காமல் பிடித்து, கத்தல் அடங்கும்வரை சென்சிட்டிவிட்டியைக் குறைக்க வேண்டும். அடங்கிய இடம்தான் அந்தக் கொல்லைக்குச் சரியான இடம். அடுத்த கொல்லைக்கு அது பொருந்தாது.

இரண்டாவது, மண். நம் செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஆக்சைடால் வருவது. சில இடங்களில் மண்ணே மெஷினுக்குப் பதில் சொல்லும். அதைத் தள்ளிவிடத்தான் கிரவுண்ட் பேலன்ஸ். உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, காயிலைத் தரைக்கு மேல் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, சத்தம் மாறாமல் ஒரே சீராக வரும்வரை சரி செய்ய வேண்டும். விலை குறைந்த மெஷினில் அந்த வசதியே இல்லாமலும் இருக்கும். வாங்கும் முன் இதைக் கேட்டவர் எத்தனை பேர்?

மூன்றாவதுதான் பெரிய அநியாயம். கொல்லை முழுக்க மாத்திரை அட்டையும் பாக்குப் பொட்டலமும் கத்துகிறது என்று, அலுமினியத் தாளை ஒதுக்கும்படி டிஸ்கிரிமினேஷனை வைத்திருக்கிறார்கள். சின்னத் தங்க நகையும் அலுமினியத் தாளும் மெஷினின் காதுக்கு ஏறக்குறைய ஒரே குரல். தாளை ஒதுக்கினால் தங்கத்தையும் ஒதுக்கியதாகிவிடும். மெல்லிய சங்கிலி இன்னும் மோசம். நமக்கு அது ஒரே நகை. மெஷினுக்கு அது நூற்றுக்கணக்கான துளித்துளி வளையம். மோதிரத்தைக் காட்டிக்கொடுக்கும் ஆழத்தில்கூட சங்கிலியை விட்டுவிடும். ஆக, எதைத் தேடினார்களோ அதைக் கண்டால் வாய் திறக்காதே என்று மெஷினுக்குச் சொல்லிவிட்டு, அது வாய் திறக்கவில்லை என்று ஒரு மனுஷியைத் திருடி ஆக்கியிருக்கிறார்கள்!

டெலிபோன் புகழ் கிரகாம் பெல்லுக்கே இந்தப் பாடம் கிடைத்தது. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடம்புக்குள் இருந்த குண்டைத் தேட பெல் ஒரு கருவி செய்தார். சோதனையில் ஒழுங்காக வேலை செய்தது. ஜனாதிபதியிடம் கொண்டுபோனால் குழப்பமான சத்தம். மெத்தைக்குள் எஃகுச் சுருள்! போதாததற்கு, மருத்துவர் பிளிஸ் குண்டு வலது பக்கம்தான் இருக்கிறது என்று பிடிவாதம் பிடித்து, அங்கே மட்டும் தேட விட்டார். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடது பக்கம் இருந்தது. பெல் கையிலேயே கருவி அப்படித் தடுமாறியது என்றால், வீடியோ பார்த்துப் பழகிய நம் பையன்கள் எந்த மூலைக்கு?

(புதையல் ஆசையில் இதைப் படிக்கும் தம்பிகளுக்கு: 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கடப்பாரையைக் கீழே வையுங்கள்.)

போலீசுக்குப் போகவில்லையே, பெருந்தன்மையாக விட்டுவிட்டோமே என்று ஒரு உறவினர் போனில் சொன்னார். வேலையைப் பறித்தது போதாதா? முதலில் அந்த அம்மாவைப் பழையபடி வேலைக்குக் கூப்பிடுங்கள். சங்கிலி கிடைத்த பிறகு அல்ல, இப்போதே.

பிறகு ஒழுங்காகத் தேடுங்கள். கொல்லையைக் கயிறு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரியுங்கள். மண்வெட்டியைத் தள்ளி வையுங்கள், செல்போனை வீட்டில் வையுங்கள், எதையும் ஒதுக்காத நிலையில் மெஷினை வையுங்கள். காயில் தரையை ஒட்டியே போக வேண்டும். நெல் தூற்றுவது மாதிரி வீசினால் இரண்டு ஓரத்திலும் காயில் மேலே தூக்கிக்கொள்ளும், அங்கே ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூட வேண்டும். மாத்திரை அட்டைக்கும் குனிந்து தோண்டத்தான் வேண்டும். முதுகு வலிக்கும். வலிக்கட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சோதனை. அதே மாதிரி மெல்லிய சங்கிலி ஒன்றை, அதே கொல்லையில், இரண்டு விரற்கடை ஆழத்தில் புதைத்து மெஷின் சொல்கிறதா பாருங்கள். பிறகு நாலு விரற்கடை. பிறகு ஒரு சாண். எந்த ஆழத்தில் வாயை மூடுகிறதோ, அதற்குக் கீழே கிடப்பதைப் பற்றி உங்களுக்கு எதுவும் தெரியாது என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சோதனைச் சங்கிலியில் சிவப்பு நூல் கட்டி, முனையை வெளியே விட மறக்காதீர்கள். இல்லையென்றால் இரண்டு சங்கிலி தேட வேண்டியிருக்கும்.