கதிரவன் நுழையாத கோட்டை

'டீமன் ஸ்லேயர்' எனும் சப்பானிய அசைபடத் தொடரைப் பிள்ளைகள் பார்க்கவே கூடாதென்பர் பெற்றோர் பலர். குருதி மிகுதிதான், சிறு பிள்ளைகளுக்கு நானும் காட்டமாட்டேன். ஆயினும், 2025இல் திரைப்படமாகவும் வந்த அதன் முடிவிலாக் கோட்டையைப் பெற்றோர் ஒருமுறை காணல் வேண்டும்.

நக்கிமே எனும் அரக்கி 'பிவா' என்னும் நரம்புக்கருவியை மீட்டுந்தோறும் அறைகள் இடம்பெயரும், படிக்கட்டுகள் தலைகீழாகும். வெயில் பட்டால் மாய்ந்துவிடும் முசானுக்கு ஏற்ற புகலிடம்! 2019இல் ஒளிபரப்பான முதற்பருவத்தின் இறுதிப் பகுதியில், அங்கு வரவழைக்கப்பட்ட தன் அடியாட்கள் ஐவருள் நால்வரை அவனே கொல்கிறான். ஒருவன் மனத்துள் எண்ணியதே குற்றமாகிவிடுகிறது. அஞ்சி ஓடியவனும் தப்பவில்லை.

தலைவன் தன்னவரையே ஏன் கொல்கிறான்? வளர்ந்த பிள்ளையுடன் அமர்ந்து இதைக் கேட்டுப் பாருங்கள். தடைவிதித்த வீட்டில் இப்பேச்சுக்கே இடமில்லை; பிள்ளையோ நண்பன் வீட்டில் அக்காட்சியைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறான்.