ஏற்றத்தின் ஆசையும் இறக்கத்தின் கணக்கும்

லொறி எஞ்சினில் கம்பனி பூட்டி அனுப்பிய வார்ப்பிரும்பு மெனிபோல்ட்டைக் கழற்றிவிட்டு, நீண்டு வளைந்த குழாய்களால் ஆன ‘ஹெடர்’ ஒன்றை அந்த இடத்தில் பொருத்துவது பற்றி இன்று எழுதப்போகிறேன். அரசியல் எழுதும் கைக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். சமதரையில் ஓடும் வாகனத்துக்கு அது ஒரு பொழுதுபோக்கு. திம்புள்ளப் பிரதேசத்து வீதிகளில் பாரம் சுமக்கும் லொறிக்கோ அது உயிர் சம்பந்தப்பட்ட விடயம்.

அந்த ஆசை எங்கிருந்து பிறக்கிறது என்பதை முதலில் நியாயமாகப் பார்ப்போம். தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். நுவரெலியாவின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றுக் குறைந்தால் டீசல் சரியாக எரியாது. கொழுந்து மூட்டைகளோடு தொழிற்சாலைக்கு ஏறும் தோட்டத்து லொறியும், மரக்கறி ஏற்றிவரும் லொறியும் கரும்புகை கக்கித் திணறுவது இதனால்தான். ‘புகை வெளியேற வழியில்லாமல் எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது, குழாயை மாற்றுங்கள்’ என்று யாரேனும் சொன்னால் சாரதி நம்பத்தான் செய்வார். 2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி முடங்கிக் கிடந்த நாட்டில், பழைய லொறியிலிருந்தே புதிய சக்தியைக் கறக்க நினைப்பது பெரிய குற்றமும் அன்று.

ஆனால் கணக்கு வேறு. ஹெடரின் தத்துவம் எளியது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாய். எல்லாம் ஏறத்தாழ ஒரே நீளம். ஒரு சிலிண்டரிலிருந்து பாய்ந்து வெளியேறும் வாயு அடுத்ததன் வாயுவையும் இழுத்துச் செல்லும். அதிவேகத்தில் சுழலும் பெட்ரோல் எஞ்சினில் இது பலன் தரும். மெதுவாகச் சுழலும் டீசல் எஞ்சினில் பலன் சொற்பம். டர்போ பூட்டிய எஞ்சினில் நிலைமை இன்னும் மோசம். டர்போவைச் சுழற்றுவதே அந்த வாயுவின் சூடும் அழுத்தமும்தான். தடித்த வார்ப்பிரும்பு அந்தச் சூட்டைக் காப்பதோடு டர்போவின் பாரத்தையும் தாங்குகிறது. மெல்லிய குழாய் இரண்டையும் செய்யாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே வராத காற்றை வெளியேறும் குழாய் எப்படிக் கொண்டுவரும்? காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்வதும், இன்ஜெக்டர்களைப் பரிசோதிப்பதும், பம்பின் நேர அளவைச் சரிபார்ப்பதும் இதைவிட மலிவான வைத்தியம்.

இனிப் பொருத்தும் சிக்கலுக்கு வருவோம். வேறொரு மாடலுக்காகச் செய்யப்பட்ட ஹெடர் நமது லொறியில் நேராக உட்காருவதில்லை. ஒரு குழாய் ஸ்டியரிங் தண்டில் முட்டும். இன்னொன்று சேஸியில் உரசும். மற்றொன்று பிரேக் எண்ணெய்க் குழாய்க்கு ஒரு விரல் இடைவெளியில் போகும். ‘பாஸ்’ என்று மலையகத்தில் மரியாதையோடு அழைக்கப்படும் மெக்கானிக்குகள் கெட்டிக்காரர்கள். ஒரு சுத்தியலும் வெல்டிங் கம்பியும் இருந்தால் எதையும் எதனோடும் சேர்த்துவிடுவார்கள். எனது அச்சமும் அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றியதுதான்.

ஏனென்றால், குழாய் கடைசியில் வந்து சேரும் இடத்தில் ஒரு சிறிய பொருள் இருக்கிறது. ஜப்பானிய லொறிகளில் பரவலாகக் காணப்படும் எக்ஸோஸ்ட் பிரேக் அது. புகைக் குழாயின் நடுவே ஒரு தகட்டு வால்வு. சாரதி அதை இயக்கி, அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வால்வு மூடிக்கொள்ளும். வெளியேற முடியாத வாயு பிஸ்டன்களை எதிர்த்துத் தள்ளும். லொறியின் வேகம் அடங்கும். கால் பிரேக்கைத் தொடாமலே நீண்ட இறக்கத்தில் இறங்குவது இதனால் சாத்தியமாகிறது. புதிய ஹெடரின் முனை இந்த வால்வின் பிளேன்ஜோடு பொருந்தாதபோது, பல தருணங்களில் ‘தீர்வு’ ஒன்றுதான்: வால்வைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு நேராகக் குழாயை ஒட்டிவிடுவது. ஏறும்போது லொறி சற்று உற்சாகமாகவே ஏறும். இறங்கும்போது முழுப் பாரமும் கால் பிரேக்கின் மேல் விழும். டிரம் சூடாகும், லைனிங் பிடி இழக்கும், பழைய பிரேக் எண்ணெய் கொதிக்கும். அதற்குமேல் மிதி வெறும் மிதிதான்.

எங்கள் பத்திரிகைத் தொழிலில் ‘பிரேக் செயலிழந்தமையால்’ என்று ஒரு வழக்கமான தொடர் உண்டு. விபத்துச் செய்தியின் இரண்டாவது வரியில் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். பிரேக் ஏன் செயலிழந்தது என்ற கேள்வி மூன்றாவது வரியில் வருவதில்லை. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒன்று வேனோடும் முச்சக்கர வண்டியோடும் மோதியதில் ஏழு பேர் இறந்தனர். அந்த விபத்தின் காரணத்தை இங்கே தீர்ப்பளிக்க நான் முன்வரவில்லை. அந்தச் சரிவு எத்தகையது என்பதை நினைவூட்டவே இதைச் சொல்கிறேன். அங்கே பிழைக்கு மன்னிப்பு இல்லை.

பழைய மெனிபோல்ட் வெடித்து, மாற்றியே ஆகவேண்டிய நிலையும் வரலாம். அப்போது முதல் தெரிவு அதே எஞ்சினுக்குரிய வார்ப்பிரும்பு மெனிபோல்ட்தான், பழையதானாலும் பரவாயில்லை. அது கிடைக்காமல் ஹெடரே பூட்டுவதென்றால், வாங்கும் முன் அளக்க வேண்டும். பிளேன்ஜின் முகம் வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த ஸ்டட்களுக்குப் புதியவை, புதிய கேஸ்கட், நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் சீராக முறுக்கு, சில நாட்கள் ஓடிய பின் மறுபடியும் ஒரு முறுக்கு. எஞ்சினின் ஆட்டத்தைத் தாங்க நெளியும் இணைப்பு ஒன்று வேண்டும். பிரேக் குழாய்க்கு அருகில் வெப்பத் தடுப்புத் தகடு வேண்டும். எக்ஸோஸ்ட் பிரேக்கின் பிளேன்ஜை அளவெடுத்து, அதற்கேற்பவே முனையைச் செய்விக்க வேண்டும். வால்வு மூடும்போது அழுத்தம் எஞ்சின் தலை வரைக்கும் ஏறும். இடையில் எந்த இணைப்பு கசிந்தாலும் அந்த பிரேக்கின் பலன் குறைந்துவிடும். குளிருக்கு அஞ்சிக் கண்ணாடியை மூடிக்கொண்டு ஓட்டும் நமது சாரதிகளுக்கு அந்தக் கசிவு கெபினுக்குள்ளும் வந்து சேரும்.

2008 இல் தொடங்கிய புகைப் பரிசோதனை, டீசல் வாகனத்தின் புகை எவ்வளவு அடர்த்தி என்பதைச் சொல்லும். அது பிரேக்கைப் பற்றிப் பேசாது. 2025 ஜனவரியில் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகப் பொருத்துகளைத் தேடிப் புறப்பட்டபோது கண்ணில் பட்டவை விளக்குகளும் ஹோர்ன்களும் அலங்காரங்களும். வெளியே பூட்டியது தெரியும். உள்ளே கழற்றியது தெரியாது. மலை மாவட்டங்களில் லொறிக்குத் தகுதிச் சான்றிதழ் வழங்கும் முன் எக்ஸோஸ்ட் பிரேக்கை இயக்கிப் பார்ப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது என் கருத்து. அதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. ஒரு மனிதன் லொறிக்குக் கீழே குனிந்து பார்த்தால் போதும்.

கனடாவிலும் இலண்டனிலும் இருந்துகொண்டு ஊரில் லொறி ஓட்டும் தம்பிமாருக்குச் சாமான் வாங்கி அனுப்பும் அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. பளபளக்கும் ஹெடர் பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல பிரேக் லைனிங் வாங்கி அனுப்புங்கள். தம்பி ஏறுவதற்குச் சற்றுத் தாமதமாகலாம். பத்திரமாக இறங்கி வீட்டுக்கு வரட்டும்.