பரையா என்றொரு ஆங்கிலச் சொல்

ஆங்கிலம் ஒழுங்காகப் பேசுவது எப்படி என்று பாடம் எடுக்க நம் நாட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. 'டிஸ்கஸ் அபௌட்' தப்பு. 'ரிவர்ட் பேக்' தப்பு. 'கசின் பிரதர்' என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். 'லிட்டரலி'யைக் கண்ட இடத்தில் போடுகிறவர்கள் மீது லண்டன்காரருக்கும் கோபம், மயிலாப்பூர்க்காரருக்கும் கோபம். நம்ம ஆத்தா 'இஸ்கூலு', 'இஸ்டேசனு' என்று சொன்னால் அது ஜோக்கு. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன பிள்ளை நேர்காணலில் நாக்குப் பிறழ்ந்தால் அந்த வேலையே போச்சு.

இந்தத் திருத்தல்வாதிகளின் பட்டியலில் ஒரு சொல் மட்டும் நம் கண்ணில் பட்டதே இல்லை. பரையா.

எந்த ஆங்கில நாளேட்டையும் எடுத்துப் பாருங்கள். அணுகுண்டு வெடித்த நாடு 'பரையா ஸ்டேட்'. கட்சியில் ஓரங்கட்டப்பட்ட தலைவர் 'பொலிட்டிகல் பரையா'. 2019இல் அமெரிக்கத் தேர்தல் விவாத மேடையில் ஜோ பைடன் சவூதி அரசைப் பற்றிச் சொன்னதும் இந்தச் சொல்தான். சொன்னவருக்கும் கூசவில்லை, கேட்டவருக்கும் கூசவில்லை, அதை அப்படியே அச்சிட்ட சென்னை, டெல்லிப் பத்திரிகைகளுக்கும் கூசவில்லை. இது யாருடைய பெயர் என்று டெல்லிக்காரருக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். சென்னைக்காரருக்குமா தெரியாது?

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில அச்சில் ஏறிவிட்டது நம் பெயர். பறை என்ற கருவியிலிருந்து வந்த சொல் என்று அகராதிகள் எழுதும். வெள்ளைக்காரன் இங்கே சம்பாதித்த சொற்களையெல்லாம் தொகுத்து 1886இல் வந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியில் தெருநாய் 'பரையா டாக்', பருந்து 'பரையா கைட்', மட்டச் சாராயம் 'பரையா அரக்'. கேட்பாரற்றது, மட்டமானது எதுவானாலும் நம் பெயரை ஒட்டிவிட வேண்டியது. ஆனால் சாதியிலிருந்து தள்ளப்பட்ட உதிரிகள் என்ற பொருளில் இந்தப் பெயரைச் சொல்வது பிழை, இவர்கள் தனியான ஒரு பெரிய மக்கள் கூட்டம் என்று கால்டுவெல்லே எழுதியிருக்கிறார். ஆக, இலக்கணக்காரர்களின் அளவுகோலை வைத்தே பார்த்தாலும் இது தப்பான பிரயோகம். உச்சரிப்பும் தப்பு. றகரம் செத்து, 'பரையா' என்று அழுத்தம் நடுவில் விழுந்து கிடக்கிறது. இதற்கு மட்டும் திருத்துவார் இல்லை.

பிரெஞ்சுக்காரர்கள் இதைக் கதையாக்கினார்கள் (1791), நாடகமாக்கினார்கள் (1821). ஃப்ளோரா திரிஸ்தான் என்ற கலகக்காரப் பெண்மணி 1838இல் தன்னையே பரையா என்று அழைத்துக்கொண்டு பயணநூல் எழுதினார். மாக்ஸ் வேபர் யூதர்களை 'பரையா மக்கள்' என்றார்; ஹன்னா ஆரெண்ட் 1944இல் அதே சொல்லைக் கையிலெடுத்தார். இவர்களில் சிலர் ஒடுக்கப்பட்டவர் பக்கம் நின்றவர்கள், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த உவமையில் உவமை மட்டும்தான் இருந்தது, சேரி இல்லை.

உச்சக்கட்டக் கேலி தென்னாப்பிரிக்கா விஷயத்தில் நடந்தது. 1980களில் அங்கிருந்த வெள்ளை நிறவெறி அரசுக்கு உலகப் பத்திரிகைகள் வைத்த பெயர் 'பரையா ஸ்டேட்'. கறுப்பு மக்களைத் தனி ஊரில் அடைத்தவனுக்கு, தனி ஊரில் அடைக்கப்பட்டவன் பெயர்! தள்ளிவைத்தவனைத் திட்டக்கூட தள்ளிவைக்கப்பட்டவன்தான் வேண்டியிருக்கிறது. அந்த அரசை 'பிராமின் ஸ்டேட்' என்று யாரும் எழுதவில்லை. ஆங்கிலத்தில் 'பாஸ்டன் பிராமின்' என்றால் அமெரிக்காவின் பழைய பணக்காரக் குடும்பத்தார். நம் ஊர்ச் சாதி ஏணி கப்பலேறிப் போய் அங்கேயும் அதே படிவரிசையில்தான் நிற்கிறது.

நான் வேலை பார்த்த ஒரு கிளையில் ஓர் அதிகாரி இருந்தார். 'வித்ராயல்' என்று சொல்லும் ஆள்களை நிறுத்தி வைத்துத் திருத்துவார். கவுண்டருக்கு வெளியே நிற்கும் கிழவியையும் விடமாட்டார். அவரே ஒருநாள் சக அதிகாரி ஒருவரைப் பற்றி போனில், அந்த ஆள் இப்போ டிபார்ட்மெண்ட்ல ஒரு பரையா ஆயிட்டார் என்று சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னார். கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். "சார், அது எங்க பேரு" என்றேன். "ஓ, இட் இஸ் ஜஸ்ட் அன் இங்கிலீஷ் வேர்ட்" என்றார். தமிழில் ஊர்நடுவில் அந்தச் சொல்லை நம் மீது வீசினால் 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் காட்டலாம். ஆங்கிலத்தில் சொன்னால் அது நடை.

சொல் என்றால் காலப்போக்கில் பொருள் மாறத்தானே செய்யும் என்பார்கள். ஆங்கிலத்தில் அடிமையைக் குறிக்கும் 'ஸ்லேவ்' கூட ஸ்லாவ் இனத்தின் பெயரிலிருந்துதான் வந்தது, அவர்களா கோபித்துக்கொள்கிறார்கள் என்பார்கள். சரிதான். ஆனால் இன்று எந்த ஸ்லாவியனும் பிணத்தைத் தூக்கிக்கொண்டு பாதைக்காக ஊர்க்காரனிடம் மல்லுக்கு நிற்கவில்லை. இங்கே சொல்லும் இருக்கிறது, அந்தச் சொல்லைச் சொல்லி ஒதுக்கிய தெருவும் இருக்கிறது.

அமெரிக்கக் கறுப்பர்கள் 'ஆஸ்க்' என்பதை 'ஆக்ஸ்' என்றால் படிப்பறிவில்லாதவர்கள் என்று இளக்காரம். சாசர் எழுதியதும் அப்படித்தான், 1535இல் வந்த கவர்டேல் பைபிளிலும் அப்படித்தான். யார் வாயிலிருந்து வருகிறது என்பதுதான் தப்பையும் சரியையும் முடிவு செய்கிறது. ஆனால் அந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் இனப்பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுது என்று கேட்டுக் கேட்டு, 1930இல் நியூயார்க் டைம்ஸைப் பணியவைத்தார்கள். பத்திரிகை மேசைகளும் மாறும். கேட்க ஆள் வேண்டும்.

மலேசியாவில் நம்மவர்கள் கேட்டார்கள். 'இன்டர்லோக்' என்ற மலாய் நாவல் 2011இல் பள்ளிப் பாடமானபோது, அதில் இந்தச் சொல் வருகிறது என்று போராடி, அந்த ஆண்டு முடிவதற்குள் பாடத்திலிருந்து எடுக்கவைத்தார்கள். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒரு மக்களின் பெயரை வசையாக்காதே என்பது ஒரு குரல். எங்களைப் போய் அந்தச் சாதி என்பதா என்பது இன்னொரு குரல். இரண்டும் ஒரே மைக்கில் ஒலிக்கலாம். இரண்டாவது குரலோடு நமக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

ஏனென்றால் பெயரில் நமக்கு வெட்கமில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரே நம் மீது சுமத்தப்பட்டது என்று மறுத்து, 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். நிமிர்த்திப் பிடிப்பதா, உதறுவதா என்பது அவர்கள் காலத்திலிருந்து நமக்குள் நடக்கும் வழக்கு. நாமே பேசித் தீர்த்துக்கொள்வோம். நடுவில் ஆங்கிலத் தலையங்கக்காரருக்கு வேலையில்லை. சென்னை மாகாண அரசே 1922இல் இந்தப் பெயரைக் கோப்புகளில் போடுவதை விட்டு 'ஆதிதிராவிடர்' என்று எழுத ஆணை போட்டது. கோப்பில் மாற்ற முடிந்தது தலையங்கத்தில் ஏன் முடியாது?

தோழர்களே, இந்தச் சொல் வரும் செய்தியை எங்கே பார்த்தாலும் பத்திரிகையின் பெயர், தேதியோடு வெட்டி நமக்கு அனுப்புங்கள். அந்தந்த ஆசிரியருக்கும் ஒரு கடிதம் போடுங்கள். இங்கிலீஷ் சரியாக வரவில்லையே என்று தயங்க வேண்டாம், தமிழிலேயே எழுதுங்கள். 'அவுட்காஸ்ட்' என்றும் எழுதாதே, அதுவும் நம் தெருவுக்கே வந்து சேரும் என்று சேர்த்து எழுதுங்கள். ஒதுக்கப்பட்ட நாடு என்றால் ஒதுக்கப்பட்ட நாடு என்றே எழுதட்டும், அவர்கள் மொழியில் அதற்குச் சொல் இல்லாமலில்லை. வரும் வெட்டுத்துணுக்குகளை அடுத்த இதழில் பத்திரிகை வாரியாகப் போடுகிறோம்.